உவர் ஏறின நிலத்துல உமரி நட்டா உப்பு நிஜமாவே குறையுமா?

பாத்திகட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எனக்கு ஒரு ஹெக்டேருக்குக் கொஞ்சம் கம்மியா நிலம் இருக்கு. பத்து வருஷம் முன்னாடி வரைக்கும் போட்டதெல்லாம் விளைஞ்ச மண்ணு. கிணத்துல தண்ணி கீழ போகப் போக போர் போட்டோம், போர் தண்ணி முதல்ல நல்லாதான் இருந்துச்சு, அப்புறம் மெல்ல மெல்ல கரிக்க ஆரம்பிச்சுது, வேற வழி இல்லாம அதையேதான் பாய்ச்சிட்டு இருந்தோம். இப்ப வெயில் காலத்துல போய் நின்னா தரை முழுக்க வெள்ளையா பூத்துக் கிடக்கு, காலை வச்சா மேல் ஓடு மொறுமொறுன்னு உடையுது, அதுக்கு அடியில மண்ணு ஈரமா இருக்கு. விதை போட்டா பாதி முளைக்கறதே இல்ல, முளைச்ச மீதியும் இலை நுனியில இருந்து கருகிட்டே வந்து பதினைஞ்சு நாள்ல முடிஞ்சுடுது. டெஸ்ட் பண்ணதுல மண்ணோட ஈ.சி. (உப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டற மின்கடத்தும் திறன் அளவு, dS/m கணக்குல) 12, தண்ணியோடது 2ன்னு வந்துருக்கு.

இதுல ஒரு விஷயம் என்னன்னா, பள்ளமா இருக்கற ஒரு மூலையில யாரும் போடாமலே உமரி, அதான் உப்பு மண்ணுல வளர்ற சதைப்பத்தான செடி, வந்து நிக்குது. மத்த எல்லாம் செத்துட்டு இருக்கற எடத்துல அது மட்டும் கொழுகொழுன்னு இருக்கு. ஒரு வீடியோ பாத்தேன், இந்தச் செடிய நிலம் பூரா நட்டா மண்ணுல இருக்கற உப்பை எல்லாம் உறிஞ்சிரும், ரெண்டே வருஷத்துல பழையபடி நெல்லு போடலாம்னு சொல்றாங்க. நாத்து விக்கற ஒருத்தரும் அதையேதான் சொன்னாரு. இது உண்மையா? உண்மைன்னா எந்தச் செடி நல்லது? உண்மை இல்லன்னா இந்த நிலத்துல வேற என்னதான் பண்றது, உமரியால ஏதாவது பிரயோஜனம் உண்டா? அப்பா காலத்து நிலம், அப்படியே விட்டுட மனசு வரல.

வடிகால்:

தம்பி, முதல்ல நம்பர் ரெண்டையும் போட்டதுக்கு நன்றி. நிறைய பேர் "மண்ணு உப்பா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு மருந்து கேப்பாங்க.

நேரா விஷயத்துக்கு வரேன். உமரி உப்பை எடுக்குமான்னா எடுக்கும். அது போதுமான்னா உங்க நிலைமையில போதாது. ஏன்னு கணக்குப் போட்டே பாத்துடலாம். ஒரு ஹெக்டேர், மேல் மண்ணு ஒரு அடி ஆழம், எடை ஏறக்குறைய 4200 டன். ஈ.சி. 12 இருக்கற நடுத்தர மண்ணுன்னா அந்த ஒரு அடியில மட்டும் கரையற உப்பு கிட்டத்தட்ட 16 டன் இருக்கும், கீழ இருக்கறது தனி. சரி, உமரிய நல்லா வளத்து வருஷத்துக்கு 10 டன் காஞ்ச எடை எடுக்கறீங்கன்னு வைங்க, அதுல கால் பங்கு உப்புன்னே வைங்க, ரெண்டுமே தாராளமான கணக்கு, அப்பவும் வெளிய போறது ரெண்டரை டன். அதையும் வெட்டி நிலத்தை விட்டு வெளிய கொண்டு போனாத்தான். அங்கயே மடிஞ்சு மக்க விட்டா எடுத்த உப்பு அத்தனையும் மறுபடி அதே மண்ணுல, அதுவும் வேர் ஆழத்துல இருந்ததைத் தூக்கிட்டு வந்து மேல் மண்ணுல கொட்டின மாதிரி ஆயிடும்.

இப்ப அடுத்த பக்கம் பாருங்க. உங்க தண்ணி ஈ.சி. 2. அப்படின்னா ஒரு லிட்டர்ல ஒண்ணேகால் கிராமுக்கு மேல உப்பு. ஒரு பயிருக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்சினா ஹெக்டேருக்கு 5000 கன மீட்டர் தண்ணி, அதோட சேந்து உள்ள வர்ற உப்பு 6 டன்னுக்கும் மேல! செடி ரெண்டரை எடுக்குது, நீங்க ஆறு போடறீங்க. உங்க நிலத்துல உப்பு ஏறினதே இப்படித்தான். தண்ணி ஆவியா போயிடும், உப்பு போகாது, அவ்வளவுதான் சூத்திரம்.

உப்பை வெளிய அனுப்பற ஒரே பெரிய வாகனம் தண்ணிதான். நல்ல தண்ணி, முடிஞ்சா மழைத் தண்ணி, மண்ணுக்குள்ள இறங்கி வேருக்குக் கீழ போய் வடியணும். ஒரு அடி மண்ணு வழியா அரை அடி தண்ணி இறங்கி வடிஞ்சா பாதி உப்பு போகும், ஒரு அடி தண்ணி வடிஞ்சா நூத்துக்கு எண்பது போகும், மண்ணுக்கு மண்ணு கொஞ்சம் மாறினாலும் பொதுவா பல காலமா புழங்கற கணக்கு இது. ஆனா "வடிஞ்சா"ங்கற வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. மேல் ஓட்டுக்கு அடியில ஈரமா இருக்குன்னு எழுதிருக்கீங்களே, அது எனக்குக் கவலையா இருக்கு. நிலத்தடித் தண்ணி ரொம்ப மேலயே நிக்குதோன்னு தோணுது. ஒரு ஆறடிக்குள்ள தண்ணி நின்னா விளக்குத் திரியில எண்ணெய் ஏறற மாதிரி மண்ணு வழியா மேல ஏறி, மேல வந்து ஆவியாகி, உப்பை மட்டும் தரையில விட்டுட்டுப் போகும். ஒரு குழி தோண்டி எத்தனை அடியில தண்ணி ஊறுதுன்னு பாத்துச் சொல்லுங்க.

இன்னொண்ணு, உங்களுது வெறும் உவரா (கரையற உப்பு ஏறினது) இல்ல களரும் (சோடியம் மண் துகளையே பிடிச்சுக்கிட்டது) சேந்துதான்னு தெரியணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். பட்டாணி சைஸ்ல காஞ்ச மண்ணாங்கட்டி எடுத்து, கண்ணாடி டம்ளர்ல மழைத் தண்ணியோ டிஸ்டில்டு வாட்டரோ ஊத்தி மெதுவா உள்ள விடுங்க, ஆட்டாதீங்க, ஒரு நாள் அப்படியே வைங்க. கட்டியைச் சுத்திப் பால் ஊத்தின மாதிரி கலங்கல் பரவுச்சுன்னா சோடியம் மண்ணைப் பிடிச்சிருக்கு, களர். கட்டி உதிர்ந்து கீழ உக்காந்து தண்ணி தெளிவா நின்னா உவர் மட்டும்தான்.

கண்டல்காடு:

வடிகால் அண்ணன் கணக்கு சரி, ஆனா உமரியை வெறும் உப்பு எடுக்கற மிஷினா மட்டும் பாக்காதீங்க தம்பி, அந்தச் செடி அங்க எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சா உங்க நிலத்தைப் பத்தியே நிறைய புரியும். நான் கழிமுகங்கள்ல பல வருஷம் சேத்துல இறங்கி வேலை பாத்தவ, எனக்கு இந்தச் செடிங்க மேல தனிப் பாசம்.

மொதல்ல ஒரு ஆச்சரியமான விஷயம். உமரியோட செல்லுக்குள்ள வேலை செய்யற நொதிகள் இருக்கே, அதுங்களுக்கு உப்பு ஆகவே ஆகாது. நெல்லோட நொதி உப்புல எப்படிப் படுத்துடுமோ அதே மாதிரிதான் இதுவும். அப்புறம் எப்படி உயிரோட இருக்குன்னா, உள்ள வர்ற சோடியத்தைப் பிடிச்சு செல்லுக்கு நடுவுல இருக்கற பெரிய நீர்ப்பைக்குள்ள தள்ளிப் பூட்டிடுது, வெளிய மிச்ச இடத்துல கிளைசின் பீட்டைன் மாதிரி கெடுதல் பண்ணாத பொருளை நிரப்பி ரெண்டு பக்கமும் சமமா வச்சுக்குது. அந்த நீர்ப்பை நிறைய நிறைய தண்டு உப்பிக்கிட்டே வருது, நீங்க கொழுகொழுன்னு சொன்னது அதுதான். விரலால நசுக்கிப் பாருங்க, சாறு தெறிக்கும், நாக்குல வச்சா கடல் தண்ணியே.

இது ஒரு வழிதான். கண்டல் மரங்கள்ல, அதான் கழிமுகத்து அலையாத்திக் காட்டு மரங்கள்ல, சுரபுன்னை வேர்லயே தடுத்துடும், நூத்துல தொண்ணூறுக்கு மேல உப்பை உள்ளயே விடாது. வெண்கண்டல் வேர்ல பெரும்பகுதியைத் தடுத்துட்டு, மீறி வந்ததை இலையில இருக்கற உப்புச் சுரப்பி வழியா வெளிய தள்ளும். மழை இல்லாத நாள்ல காலைல போய் ஒரு இலையைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சா சின்னச் சின்னக் கல்லா மினுக்கும், விரலை வச்சுத் தேச்சா நரநரன்னு இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாக்கறப்ப எனக்கு மனசு நெறஞ்சுடும். ஏட்ரிப்ளெக்ஸ்னு சொல்ற உவர்ப்புதருக்கு வேற மாதிரி, இலை மேல நுண்ணிய முடி மாதிரி பைகள், அதுல உப்பைக் கொட்டி வைக்கும், பை நிறைஞ்சா உடைஞ்சு உதிர்ந்துடும், இலை சாம்பல் பூத்த மாதிரி தெரியறது அதனாலதான்.

இதுல இருந்து உங்களுக்கு ஒரு பாடம்: உப்பைத் தாங்கற செடி எல்லாம் உப்பை எடுக்கற செடி இல்ல. சுரபுன்னை மாதிரி வேர்லயே தடுக்கறது எத்தனை வருஷம் நின்னாலும் மண்ணுல உப்பைக் குறைக்காது, தண்ணியை மட்டும் எடுத்துக்கிட்டு உப்பை வேரடியிலயே விட்டுடும். எடுத்துத் தன் உடம்புல வச்சுக்கறது உமரி மாதிரி சதைப்பத்தான செடிங்கதான்.

அப்புறம் உமரின்னு நாம ஒரே பேருல சொல்றதுக்குள்ளயே ரெண்டு மூணு செடி இருக்கு. இலையே இல்லாம கணுக்கணுவா கோத்த மாதிரி இருந்தா சாலிகோர்னியா வகை. சின்னதா உருண்டையா இலை இருந்தா சுவேடா. உங்க மூலையில இருக்கறது எது?

நாத்து விக்கறவங்க சொல்லாத ஒரு விஷயமும் சொல்லிடறேன். பெரும்பாலான உவர்ச்செடி விதைக்கு முளைக்கறப்ப நல்ல தண்ணிதான் வேணும். வளர்ந்த செடி கடல் தண்ணியத் தாங்கும், விதை அதுல முளைக்கறது கஷ்டம். நல்ல மழை பெஞ்சு மேல் மண்ணுல உப்பு கழுவிப் போற அந்தச் சில நாள்ல சட்டுனு முளைச்சு, மறுபடி உப்பு ஏறறதுக்குள்ள வேர் விட்டுக்கும். அதனால கரிக்கற போர் தண்ணிய விட மழைத் தண்ணியில விதை போட்டாத்தான் உமரி கூட நல்லா முளைக்கும்.

பாத்திகட்டி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, போய்ப் பாத்தேன், முக்கால்வாசி உருண்ட இலை இருக்கறது, அப்ப சுவேடா. அடி தண்டு லேசா செவந்து போயிருக்கு. செடிக்கு நடுவுல ஒரு ஆள்காட்டி முட்டை வச்சுருக்கு, நாலு முட்டை, வெறும் தரையில, மண்ணும் முட்டையும் ஒரே நிறம், கத்திக்கிட்டே என்னைச் சுத்திச் சுத்திப் பறந்துச்சு, அதனால அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகல.

குழி தோண்டினேன் அண்ணே. நாலரை அடியில தண்ணி வந்துடுச்சு. அந்தத் தண்ணி போர் தண்ணியை விட மோசமா கரிக்குது.

டம்ளர் சோதனையில தண்ணி தெளிவா இருக்கு, கட்டி உதிர்ந்து கீழ உக்காந்துடுச்சு. அப்ப உவர் மட்டும்தானே? களருக்குக் கால்சியத்துக்காகப் போடற ஜிப்சம் தேவையில்லைல்ல?

வடிகால்:

அவசரப்படாதீங்க. ஈ.சி. 12 இருக்கற மண்ணுல இந்தச் சோதனை ஏமாத்தும். உப்பு அதிகமா இருந்தா அந்த உப்பே களிமண் துகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சுப் பிடிச்சு வச்சிருக்கும், அதனால தண்ணி தெளிவாத் தெரியும். உப்பு கழுவிப் போனதுக்கு அப்புறம்தான் சோடியம் தன் வேலையக் காட்டும். அதே மண்ணை நல்ல தண்ணியில கலக்கி, தெளிய வச்சு, மேல் தண்ணிய வடிச்சு, இப்படி மூணு நாலு தடவை பண்ணி, காய வச்சு, மறுபடி ஒரு கட்டி எடுத்துப் போட்டுப் பாருங்க.

நாலரை அடி தண்ணி மட்டம்னா நான் பயந்தது சரியாப் போச்சு. வடிகால் வெட்டாம என்ன செடி நட்டாலும் வெயில் காலத்துல மறுபடி வெள்ளை பூக்கும்.

பச்சையம்:

வடிகால் சார், உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா செடியால முடியவே முடியாதுங்கற மாதிரி எழுதறது சரியில்லன்னு தோணுது. 2007-ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, இந்தியாவுல உவர் நிலத்துல பண்ணது, சுவேடா மாரிட்டிமா நாலு மாசத்துல ஹெக்டேருக்கு 504 கிலோ, செசுவியம்ங்கற இன்னொரு உவர்ச்செடி 474 கிலோ சோடியம் குளோரைடு எடுக்கும்னு கணக்குக் காட்டிருக்காங்க. நம்ம நண்பர் மூலையில தானா வந்துருக்கறதும் சுவேடாதானே? வடிகால் வெட்ட, ஜிப்சம் போட எல்லாராலயும் முடியுமா? ஏழை விவசாயிக்கு செடி ஒண்ணுதான் கைக்கு எட்டற வழி, அதையும் முடியாதுன்னு சொல்லிட்டா நிலத்தை விட்டுட்டுப் போறதைத் தவிர வேற என்ன இருக்கு?

வடிகால்:

பச்சையம், நீங்க சொல்ற ஆய்வு எனக்கும் தெரியும், நல்ல வேலை. அந்த நம்பரை என் கணக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க: நாலு மாசத்துல அரை டன். நான் ரெண்டரை டன்னுன்னு செடிக்குச் சாதகமாத்தான் கொடுத்தேன். ஈ.சி. 2 தண்ணியைப் பாய்ச்சினா அந்த அரை டன் 400 கன மீட்டர் தண்ணியிலயே திரும்பி வந்துடும், அதாவது 40 மில்லிமீட்டர், ஒரே ஒரு பாய்ச்சல்.

ஆனா நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதை நான் விட்டுட்டேன். உப்புத் தண்ணி பாய்ச்சறதை நிறுத்திட்டு மழையை மட்டும் நம்பி, தண்ணி மட்டமும் கீழ இருக்கற நிலம்னா, மேலாக்க ஏறின உப்புக்குச் சதைச்செடி நிஜமாவே உதவும். அதை விடப் பெரிய உதவி வேற ரெண்டு. ஒண்ணு, வெறும் தரையா கிடந்தா வெயில் நேரா பட்டு உப்பை மேல இழுக்கும், செடி மூடி நின்னா அந்த இழுப்பு குறையும். மூடாக்கு போட்டாலும் அதே பலன். ரெண்டாவது வேர். இறுகிப்போன களர் மண்ணுல வேர் போய்ப் போய் வழி உண்டாக்கிடும், வேர் விடற கரியமில வாயு மண்ணுல இருக்கற சுண்ணாம்பைக் கரைச்சு கால்சியத்தை வெளிய விடும், அந்தக் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். பாகிஸ்தான்ல கல்லார் புல்லுன்னு ஒண்ணை இப்படித்தான் களர் நிலத்துல போட்டாங்க, தக்கைப்பூண்டும் இந்த வேலையை நல்லாப் பண்ணும். அப்ப அங்க நிலத்தைத் திருத்தறது செடி வெட்டி எடுத்த உப்பு இல்ல, வேர் திறந்து விட்ட வழியில இறங்கிப்போன தண்ணி. செடி கதவைத் திறக்குது, உப்பை வெளிய கூட்டிட்டுப் போறது தண்ணிதான்.

"ரெண்டு வருஷத்துல நெல்லு"ங்கறதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். நெல்லுக்கு மண்ணு ஈ.சி. 3 தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு ஒண்ணுக்கும் நூத்துக்கு 12 போகும். 12-ல இருந்து 3-க்கு வரணும். அந்த நம்பிக்கையில ஒருத்தர் ரெண்டு வருஷத்தைத் தொலைச்சா யாரு பதில் சொல்றது? பருத்தி 7.7 வரைக்கும் தாங்கும், பார்லி 8 வரைக்கும். முதல்ல அந்த இடத்துக்கு வந்து சேரறதுக்கு வழி பாக்கலாம்.

மேய்ச்சல்:

ஆடு இருக்கா தம்பி? இருந்தா இந்தப் பக்கம் யோசிங்க. நான் ஏட்ரிப்ளெக்ஸ் புதரை உவர் நிலத்துல வச்சு ஆடு மேய்க்கறேன். ஆஸ்திரேலியாவுல பெரிய மரங்களை வெட்டிட்டு கோதுமை போட்டதுல நிலத்தடித் தண்ணி மட்டம் ஏறி, அடியில இருந்த உப்பெல்லாம் மேல வந்து லட்சக்கணக்கான ஹெக்டேர் கெட்டுப்போச்சு, அங்க இந்தப் புதரை வச்சுத்தான் செம்மறி ஆட்டுக்குத் தீவனம் பண்றாங்க. புரதம் நல்லா இருக்கு, வைட்டமின் ஈ நிறைய, மத்த பச்சை எல்லாம் காஞ்சு போற காலத்துலயும் இது பச்சையா நிக்கும்.

ஆனா இதை மட்டும் போட்டு ஆட்டை வளக்க முடியாது, இதை அடிச்சுச் சொல்றேன். இலையில கால் பங்கு சாம்பல் சத்து, அதுல பெரும்பாலும் உப்பு, அதனால ஆடு ஒரு அளவுக்கு மேல தின்னாது, தின்னதுக்கும் தேவையான சக்தி கிடைக்காது. ஆரம்பத்துல நான் இதை மட்டும் போட்டு ஒரு மாசம் ஓட்டினேன், ஆடெல்லாம் விலா தெரிய இளைச்சுப் போச்சு, மனசு கேக்கல. இப்ப வைக்கோலோ காஞ்ச புல்லோ பாதிக்குப் பாதி கலந்துதான். தண்ணி வழக்கமா குடிக்கறதை விட ரொம்ப அதிகமாக் குடிக்கும், அது நல்ல தண்ணியா இருக்கணும், உப்பு இலையும் உப்புத் தண்ணியும் சேத்துக் கொடுத்தா ஆடு தாங்காது. சுவேடாவுலயும் ஏட்ரிப்ளெக்ஸ்லயும் ஆக்சலேட்ங்கற நச்சுப்பொருள் இருக்கு, அதனால பசியோட இருக்கற ஆட்டை நேரா அதுல அவுத்து விடாதீங்க, முதல்ல வேற ஏதாவது தின்ன வச்சுட்டு விடுங்க.

வடிகால் அண்ணன் சொன்ன "வெட்டி வெளிய எடுக்கணும்"ங்கறதுக்கு ஆடு ஒரு வழின்னு நினைச்சுடாதீங்க, தின்ன உப்பு அங்கயே மூத்திரமா திரும்ப வந்துடும். வெட்டிக் கொண்டு வந்து கொட்டில்ல போட்டாத்தான் அந்தக் கணக்கு.

கண்டல்காடு:

மேய்ச்சல் அண்ணே அருமை, அனுபவம்னா இதுதான்.

பிரயோஜனம் உண்டான்னு தம்பி கேட்டாரே, அதுக்கு இன்னும் கொஞ்சம். உவர்ச்செடிகளை மனுஷங்க பயன்படுத்தறது நேத்து இன்னைக்கு வந்தது இல்ல. ஆல்கலின்னு வேதியியல்ல படிக்கறோமே, அந்தச் சொல்லே இந்தச் செடிகளோட சாம்பலைக் குறிக்கற அரபிச் சொல்லுதான். உவர்ச்செடியை எரிச்சா சோடியம் கார்பனேட் நிறைஞ்ச சாம்பல் வரும், கண்ணாடி உருக்கவும் சோப்பு காய்ச்சவும் அதுதான் மூலப்பொருள். வெனிஸ் கண்ணாடிக்கு இந்தச் சாம்பல் கப்பல் கப்பலாப் போச்சு, ஸ்பெயின்ல இதுக்குன்னே பயிர் பண்ணாங்க. 1791-ல பிரான்ஸ்ல லெப்ளாங்க் சாதாரண உப்புல இருந்து சோடா செய்யற முறைக்குக் காப்புரிமை வாங்கினாரு, அதுக்கப்புறம் அந்த முறை பரவப் பரவ செடிச் சாம்பலுக்கு மவுசு குறைஞ்சு போச்சு.

இப்ப ஆராய்ச்சி எல்லாம் எண்ணெய்ப் பக்கம். சாலிகோர்னியா விதையில நூத்துக்கு முப்பது எண்ணெய், அதுல முக்கால்வாசி லினோலிக் அமிலம், குசும்பா எண்ணெய் மாதிரி. மெக்சிகோவுல பாலைவனக் கடற்கரையில வெறும் கடல் தண்ணி பாய்ச்சி வளத்து ஹெக்டேருக்கு ரெண்டு டன் விதை எடுத்துக் காட்டினாங்க, 1991-ல அந்த ஆய்வு வந்தப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு. 2019 ஜனவரியில அபுதாபியில இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு பயணிகள் விமானம் இந்த எண்ணெய்ல செஞ்ச எரிபொருளைக் கொஞ்சம் கலந்து பறந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா விதை கடுகை விடப் பொடிசு, ஒண்ணா பழுக்காது, பழுத்தது உதிர்ந்துடும், அதனாலதான் இன்னும் வயலுக்குப் பெருசா வரல. நீங்க இதை நம்பி இறங்க வேண்டாம். முக்கியமா, கடல் தண்ணி பாய்ச்சறது கடலோர மணல்ல மட்டும்தான் சரி, உள்நாட்டு நிலத்துல பண்ணா நிலத்தடித் தண்ணியே நாசமாயிடும்.

கொழுந்தைச் சமைச்சும் சாப்பிடலாம், இளசா இருக்கறப்ப நுனியை மட்டும் கிள்ளி, தண்ணியில ஒரு கொதி விட்டு வடிச்சுட்டா உப்பு குறையும். ரத்த அழுத்தம் இருக்கறவங்க வேண்டாம். இதுல நான் கண்டிப்பாச் சொல்ற ஒரு விஷயம், ஆலைக் கழிவு வர்ற கழிமுகத்துல, வாய்க்கால்ல வளர்ற உமரியை யாரும் பறிச்சுச் சாப்பிடாதீங்க. இந்தச் செடிங்க உப்போட சேத்து காட்மியம், ஈயம் மாதிரி உலோகங்களையும் உடம்புல சேத்து வச்சுக்கும்.

இன்னொரு வேண்டுகோள். வெளிநாட்டுல இருந்து "சூப்பர் செடி"ன்னு யாராவது கொண்டு வந்து கொடுத்தா நட்டுடாதீங்க. கடலரிப்பைத் தடுக்கறதுக்குன்னு சீனாவுல 1979-ல ஸ்பார்டினா புல்லைக் கொண்டு வந்து நட்டாங்க, அரிப்பைத் தடுத்துச்சுதான், ஆனா சேத்துத் திட்டு எல்லாத்தையும் மூடிடுச்சு, வலசை வர்ற பறவைகளுக்கு இரை தேட இடம் இல்லாம போச்சு, இப்ப அதே புல்லை அழிக்கறதுக்குப் பெரும்பாடு படறாங்க. உங்க மூலையில தானா வந்து நிக்கற சுவேடாவுக்கு அந்த இடம் தெரியும், அந்த ஆள்காட்டிக்கும் தெரியும். இருக்கறதை வச்சே பாருங்க.

பாத்திகட்டி:

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன், தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க.

வடிகால் அண்ணே சொன்ன மாதிரி மண்ணை நாலு தடவை கழுவிக் காய வச்சு மறுபடி டம்ளர்ல போட்டேன். கால் மணி நேரத்துலயே கட்டியைச் சுத்திப் பால் மாதிரி படர்ந்து, காலைல பாத்தா டம்ளருக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. அப்புறம் லேப்ல கொடுத்ததுல மாற்றுச் சோடியம், அதாவது மண் துகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கற சோடியத்தோட பங்கு, 22 சதவீதம்னு வந்துச்சு.

வடிகால்:

15-க்கு மேல போனாலே களர்தான். உங்களுது உவரும் களரும் சேந்தது. ஜிப்சம் போடாம வெறும் மழைத் தண்ணிய விட்டுக் கழுவிருந்தீங்கன்னா உப்பு போயிருக்கும், மண்ணு மட்டும் சிமெண்டு மாதிரி இறுகி, அடுத்து ஒரு சொட்டு கூட இறங்காம போயிருக்கும். முதல்ல வடிகால், அப்புறம் லேப் சொல்ற அளவுக்கு ஜிப்சம், அப்புறம்தான் தண்ணி தேக்கறது. வரிசை மாறக்கூடாது.

பாத்திகட்டி:

அந்த வரிசையிலதான் போறேன் அண்ணே. பள்ளத்துப் பக்கமா ஐந்தடி ஆழத்துல ஒரு வாய்க்கால் வெட்டியாச்சு, முதல் வாரமே அதுல தண்ணி கசிஞ்சு ஓடுச்சு, வாயில வச்சுப் பாத்தேன், தாங்க முடியல, இத்தனை நாளா இது மேல பயிரை வச்சுட்டு இருந்திருக்கோம். நல்ல வேளையா எங்க வாய்க்கால் போய்ச் சேர்ற பெரிய வடிகால் உப்பங்கழிக்குத்தான் போகுது, வேற யாரு நிலத்துக்கும் போகல, அதை முதல்லயே நடந்து போய்ப் பாத்துட்டேன். முக்கால் பங்கு நிலத்துல ஜிப்சம் போட்டு வரப்பை உயர்த்திக் கட்டிருக்கேன், மழைத் தண்ணி நின்னு இறங்கட்டும்னு. போர் தண்ணியை இந்த வருஷம் தொடல. தண்ணி வடிஞ்சதும் தக்கைப்பூண்டு.

பள்ள மூலையைத் தொடவே இல்ல. ஆள்காட்டி குஞ்சு பொரிச்சுக் கூட்டிட்டுப் போயிடுச்சு.

போன வாரம் நல்ல மழை, ரெண்டு நாள் விடாம. நாலாம் நாள் போய்ப் பாத்தா அந்த மூலையைச் சுத்தி, வெள்ளை பூத்துக் கிடந்த இடத்துலயெல்லாம், குண்டூசித் தலை சைஸ்ல செவப்பும் பச்சையுமா முளை. கண்டல்காடு அக்கா சொன்னது அப்படியே. உள்ளங்கையை வச்சு அது மறைக்கற இடத்துல மட்டும் எண்ணினேன், முப்பத்தொண்ணு இருந்துச்சு.

மேய்ச்சல் அண்ணே, வாய்க்கால் கரையில ஏட்ரிப்ளெக்ஸ் வைக்கலாம்னு பாக்கறேன். செடிக்குச் செடி எத்தனை அடி விடணும்?

மேய்ச்சல்:

ஆறடி விடுங்க தம்பி, ஆடு நடுவுல புகுந்து போகணும். முதல் வருஷம் மேய விடாதீங்க, வேர் பிடிக்கட்டும். ஒண்ணு கவனிங்க, அதுவும் வெளியில இருந்து வந்த செடிதான், கண்டல்காடு அம்மா சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுக் கரையை விட்டுப் பள்ளத்துப் பக்கம் முளைச்சா உடனே பிடுங்கிடுங்க.